இன்றுதான் விற்பனைக்கு வந்தது

பிற்பகல் இரண்டு மணிக்கு பஹீயா பிளாங்கா ஊரில் நாய்கூடக் குரைக்காது. சாப்பிட்ட கையோடு ஜன்னல்களின் மரத்திரையை நாடா பிடித்துக் கீழே இறக்கிவிட்டு ஊரே படுத்துவிடும். அந்தப் பக்கத்தில் கோடையான பிப்ரவரி மாதத்து வடகாற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு தெருத்தெருவாகத் திரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சில்வினா மாமனார் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். புது விளம்பரப் பலகையையும் கட்டுக்கம்பியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஜன்னல் கிராதி கொதித்தது. விரல் சுடச்சுட நான்கு மூலையையும் முறுக்கிக் கட்டினாள். ‘விற்பனைக்கு’ என்று சிவப்பு எழுத்து, கீழே அவள் பெயர், தொலைபேசி எண்.

ஊர் விழித்திருக்கும்போது கட்டியிருக்கலாம். கட்டினால் எதிர்வீட்டுக்காரி “மறுபடியுமா?” என்பாள். அந்த ஒரு கேள்வி வாங்க வருகிறவன் காதில் விழுந்தால் போதும், வீட்டின் விலை அங்கேயே முறிந்துவிடும்.

சில்வினா பதினைந்து வருடமாக வீட்டுத் தரகு செய்கிறவள். வீடு விற்க வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்கிற பாடம் இதுதான்: விளம்பரம் போட்ட முதல் மூன்று வாரம்தான் வீட்டுக்கு வாலிபம். அப்போது வருகிறவன் ஆசையோடு வருவான், பேரம் பேசக் கூச்சப்படுவான். நாள் ஆக ஆக வருகிறவனுக்கு மூக்கு நீளும். ‘இத்தனை நாளா ஏன் போகல? என்ன கோளாறு?’ என்று சுவரைத் தட்டுவான், கூரையைப் பார்ப்பான், பாதி விலைக்குக் கேட்பான். இணையதளம் வேறு ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே அது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஈவிரக்கமில்லாமல் எழுதிக் காட்டும்.

அதற்கும் தரகர்களிடம் மருந்து உண்டு. பழைய விளம்பரத்தை எடுத்துவிடுவது. கொஞ்ச நாள் ஆறப்போடுவது. வேறு கோணத்தில் படம் எடுத்து, புதிதாக வந்த வீடு என்று மறுபடி போடுவது. கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். வாங்குகிறவனிடம் சொல்கிறதுதான் கணக்கு என்பாள் சில்வினா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றால், ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு வீட்டை விற்கக் கூடாதா?

அன்று காலைதான் அவள் அந்த மருந்தைக் கொடுத்திருந்தாள்.

வீடு அனிபாலுடையது. ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனதும் வீட்டை ஒரே மகன், சில்வினாவின் கணவன் தமியான் பெயருக்கு எழுதி வைத்தார். தன் உயிர் உள்ளவரை தான் அங்கே குடியிருக்கும் உரிமையை மட்டும் பத்திரத்தில் நிறுத்திக்கொண்டார். அந்த ஊரில் வயதானவர்கள் வழக்கமாகச் செய்கிறதுதான். ஆனால் தமியானுக்கு நெவுக்கென் எண்ணெய் வயலில் வேலை கிடைக்கும் என்ற பேச்சு வந்ததும் சில்வினா கிழவர் இருக்கும்போதே வீட்டை விலைக்குப் போட்டாள். எழுபத்தெட்டு வயது, எந்நேரமும் கருப்புப் புகையிலை, இருமல். எத்தனை நாள் தாங்குவார் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு.

ஏறக்குறைய மூன்று வருடம் தாங்கினார். தாங்கியது மட்டுமா? நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வீடு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் மார்பைத் தட்டிச் சொல்வார்: “எனக்கு நுரையீரல் நல்லா இருக்கு. இருபது வருஷம் கழிச்சு வாங்க.” வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள், திரும்பி வர மாட்டார்கள். சில்வினா இரண்டு தடவை விலையைக் குறைத்தாள். ஒவ்வொரு தடவையும் கிழவர் அவளுக்கு மத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, “என்ன மருமகளே, நான் இன்னும் மலிஞ்சுட்டேனாமே?” என்று கேட்பார்.

போன குளிர்காலத்தில், நடு அறையில், செத்தார். மறுநாளே சில்வினா அந்த நாற்காலியைத் தெருவில் தூக்கிப் போட்டாள். அன்று மாலையே குப்பை வண்டிக்காரன் அதை எடுத்துப் போனான்.

இப்போது அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கிணற்று இருட்டு. திரைகளெல்லாம் இறங்கியிருந்தன. நீளமான நடைவழி, வரிசையாக மூன்று அறைகள், கடைசியில் சமையலறை, அதற்கப்பால் முற்றம். மூடிக் கிடந்த வீட்டின் வாடை அடித்தது. அதில் கொஞ்சம் கருப்புப் புகையிலையும் இருந்தது. சுவரில் ஊறியது போகவில்லை என்று நினைத்தபடி திரையைத் தூக்கினாள்.

முதலில் வந்தது ஒரு இளம் ஜோடி. லுசியானோ பள்ளி ஆசிரியன். அவன் மனைவி மிலாக்ரோஸ் நிறைமாதக்காரி, கையை இடுப்பில் ஊன்றி மெல்ல நடந்தாள்.

“எத்தனை நாளா விலைக்கு இருக்குங்க?” லுசியானோ வாசல் தாண்டுமுன்பே கேட்டுவிட்டான்.

“இன்னைக்குத்தான் போட்டேன். இன்னைக்குத்தாங்க முதல் நாள். நீங்கதான் முதல் ஆளு.”

உள்ளே யாரோ இருமினார்கள்.

மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கிளப்பி, கடைசியில் தொண்டையைச் செருமி முடிக்கிற இருமல். சில்வினாவுக்கு அந்த இருமல் மனப்பாடம்.

“பக்கத்து வீடு. சுவர் ஒட்டிக் கட்டினது,” என்றாள்.

லுசியானோவுக்குக் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது மிலாக்ரோஸ் தனியாக அறைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

“உள்ள ஆள் இருக்குன்னு சொல்லியிருக்கலாமே அக்கா. தூங்கறவங்க ரூமுக்குள்ள போய் நிக்க எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“யாரு?”

“நடு ரூம்ல பெரியவர் படுத்திருக்காரே. நான் மன்னிச்சுக்குங்கன்னேன். பாவம், நல்லாத்தான் பேசினாரு. எனக்கு நுரையீரல் நல்லா இருக்கு, இருபது வருஷம் கழிச்சு வாங்கன்னாரு.”

சில்வினா என்ன சொல்லி அவர்களை அனுப்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கார் சத்தம் தேய்ந்ததும் நடு அறைக் கதவைத் தள்ளினாள்.

காலி அறை. சுவரோரம் இரும்புக் கட்டில் மட்டும். மெத்தையை அவள்தான் எரித்திருந்தாள்.

கட்டிலின் கம்பிவலை நடுவில் குழிந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ‘கிரீச்’ என்று மெல்ல மேலே எழுந்து சமமானது.

முற்றத்துக்கு ஓடிவந்து தமியானை அழைத்தாள். நெவுக்கென் அறுநூறு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் வேலைக்குப் போனதிலிருந்து அவன் மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்து போகிறான். அவன் குரல் கேட்டதும் பயம் போய்க் கோபம் வந்தது. பயந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“ஒரு ஜோடி வந்தாங்க. வாங்க மாட்டாங்க,” என்றாள்.

“சில்வி, உண்மையையே போட்டுத் தொலையேன். மூணு வருஷமா கிடக்குது, விலையைக் குறைச்சுத் தர்றோம்னு.”

“குறைச்சா அங்க நீ பார்த்து வச்சிருக்கிற வீடு எப்படிக் கிடைக்கும்? மாசக் கடைசி வரைக்கும்தான் அந்த ஆள் காத்திருப்பாருன்னு நீதானே சொன்னே?”

“அது இல்லேன்னா ஒரு சின்ன வீடு. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தாப் போதும்டீ. நான் டப்பா சாப்பாடு தின்னு தின்னு செத்துட்டிருக்கேன்.”

“உங்கப்பா மூணு வருஷம் என்னை வச்சு வேடிக்கை பார்த்தாரு. அவரு குறைச்ச விலைக்கு நான் விக்க மாட்டேன்.”

தமியான் குரலைத் தாழ்த்தினான்.

“பக்கத்துல யாரு?”

“யாருமில்ல.”

“இருமற சத்தம் கேக்குதே.” அவன் மூச்சு கேட்டது. “சில்வி… அது அப்பா மாதிரி இருக்கு.”

“காத்து,” என்று சொல்லி அவள் துண்டித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டிருப்பார்கள். சில்வினாவுக்கு வீம்பு. உயிரோடு இருந்தபோதே அந்தக் கிழவருக்குப் பணியாதவள், செத்த பிறகா பணியப் போகிறாள்?

வாரம் திரும்புவதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. டயர் கடை எவரிஸ்தோ. நாள்பட்ட வீடுகளாகத் தேடித்தேடி அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவன் என்று தரகர்கள் நடுவில் அவனுக்குப் பெயர். அவனிடமும் இன்றுதான் விலைக்கு வந்த வீடு என்றே சொல்லி, அன்று மதியமே வரச் சொன்னாள். கொஞ்சம் முன்னதாகப் போய்த் திரைகளைத் தூக்கி வைக்கலாம் என்று கதவைத் திறந்தாள்.

நடைவழியில் நாற்காலி இருந்தது.

பிரம்பு பிய்ந்து, கைப்பிடியில் சிகரெட் சுட்ட தழும்போடு, அதே நாற்காலி. குப்பை வண்டியில் போனது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை அசையாமல் நின்றது. அந்த இடத்தில் சுவரில் தண்ணீர்க் கறை இருக்க வேண்டும். போன வருட மழையில் கூரை ஒழுகி இறங்கிய கறை. இப்போது இல்லை. யாரும் மேலே வண்ணம் பூசவில்லை. பழைய மஞ்சள் வண்ணமே, பொருக்கு உதிராமல், ஈரம் படாமல் இருந்தது.

முற்றத்தை எட்டிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெட்டி எறிந்த எலுமிச்சை மரம் காய்த்து நின்றது.

வாசலில் மணி அடித்தது.

எவரிஸ்தோ தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். நாற்காலியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னைக்குத்தான் வந்த வீடாமே அம்மணி? எங்கிட்டயேவா? உன் பலகை இந்தக் கிராதியில தொங்கித் தொங்கிச் சாயம் போனதை நான் தினம் பார்த்துட்டுதானே கடைக்குப் போனேன்.”

“அது… அது வேற வீடுங்க.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. இந்தா, ஒரே பேச்சு. மூணு வருஷமா விலை போகலன்னு உன் வாயால சொல்லு. நீ போட்டிருக்கிற விலையில மூணுல ஒரு பங்கைத் தள்ளிட்டு மீதியை டாலரா இன்னைக்கே எண்ணி வைக்கிறேன். நான் பொய் விலை கொடுத்து வாங்கறவன் இல்ல.”

மீதி என்றால் நெவுக்கெனில் ஒரு சின்ன வீடு வாங்கலாம். தமியான் கேட்டதும் அதுதான். சில்வினாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலிப் பிரம்பு முனகியது. யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததைப் போல.

புகையிலை நெடி கழுத்தில் ஏறியது.

எவரிஸ்தோ பார்வை அவள் தோளுக்கு மேலே போய் நின்றது. அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது.

இப்போது உண்மையைச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மூன்று வருடம் என்று சொன்னால் கிழவர் ஜெயித்துவிடுவார். அவர் மார்பைத் தட்டிச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அவளுக்கு நினைவு வந்தது.

“இல்லீங்க,” என்றாள். எவரிஸ்தோவுக்குச் சொன்னதைவிட முதுகுப் பக்கம்தான் சொன்னாள். “இன்னைக்குத்தான் விலைக்கு வந்துது. இன்னைக்குத்தான் முதல் நாள்.”

முன்னறைத் திரை தடதடவென்று இறங்கியது.

அடுத்து நடு அறை.

அடுத்து சமையலறை.

இருட்டு.

“யாரு… யாரு என் கையைப் பிடிக்கிறது?” எவரிஸ்தோ கத்தினான். எதன் மீதோ மோதினான். வாசல் கதவு திறந்து, வெள்ளை வெயில் ஒரு கோடு பாய்ந்து, மறுபடி மூடிக்கொண்டது. அவன் காலடிச் சத்தம் தெருவில் ஓடி மறைந்தது.

சில்வினா வாசல் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுச்சு மருமகளே,” என்றது நாற்காலி இருந்த இடம்.

“நீங்க… நீங்க செத்துட்டீங்க மாமா.”

“எப்போ?”

“போன குளிர்ல.”

“அப்படியா? முதல் நாள்னு சொன்னியே. முதல் நாள் நான் உசுரோடதானே இருந்தேன்? அன்னைக்கு எனக்கு இருமல்கூட இவ்வளவு இல்ல.”

“இல்ல… இல்ல! மூணு வருஷம்! மூணு வருஷமா விலைக்குக் கிடக்குது!” அவள் தொண்டை கிழியக் கத்தினாள். “நான் பொய் சொன்னேன்!”

இருட்டு சிரித்தது. சிரிப்பு இருமலாகி, தொண்டையைச் செருமி முடிந்தது.

“வாங்க வந்தவன் கேட்டப்போ இதைச் சொல்லலையே. வாங்கறவன்கிட்டச் சொல்றதுதான் கணக்கு, நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே? போகட்டும். என் உசுரு இருக்கிற வரைக்கும் வீடு எனக்கு. பத்திரம் அப்படித்தானே?”

சில்லென்று ஒரு விரல் அவள் மணிக்கட்டைத் தொட்டது.

எப்படி ஓடினாளோ, எந்தச் சுவரில் மோதினாளோ, கதவைத் திறந்து தெருவில் வந்து விழுந்தாள். முழங்கால் தேய்ந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. காற்று மட்டும் புழுதியைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

கார் இல்லை.

வாசலுக்கு நேரே நிறுத்தியிருந்தாள். போன வருடம் தவணையில் வாங்கிய கார். அது நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்ச் சொட்டுகூட இல்லை. யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள அவள் மிகவும் பாடுபட்டாள்.

தமியானை அழைத்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள், தட்டுகள் உரசின.

“சொல்லு சில்வி. ரொட்டிக் கடையில நிக்கிறேன், இது ஒண்ணுதான் மத்தியானத்துலயும் திறந்திருக்கு. அப்பாவுக்கு அந்த உப்பு பிஸ்கட் வாங்கட்டுமா?”

“தமியான்… நீ நெவுக்கென்லதானே இருக்கே?”

“நெவுக்கென்லயா? அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவே ஆரம்பிக்கலையே. ஏன், வெயில்ல நிக்கிறியா? குரலே சரியில்ல.” அவன் கடைக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். “அப்பாகிட்டச் சொல்லிட்டியா, வீட்டை விலைக்குப் போட்டாச்சுன்னு? கோபப்படத்தான் செய்வாரு. பரவால்ல. நீதான் சொன்னியே, நல்ல வீடு, மூணு வாரத்துல போயிடும்னு.”

அவள் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். அந்த மூன்று வருடத்தில் அவள் தனியாகப் படுத்த இரவுகள், அவன் வந்துபோன ஞாயிற்றுக்கிழமைகள், அழுத அழுகை எல்லாம் இனிமேல்தான் வரப்போகின்றன. அவள் அங்கேயே, கொதிக்கிற நடைபாதையில் உட்கார்ந்து விம்மினாள்.

பின்னால் கதவு திறந்தது.

அனிபால் பனியனோடு வாசலில் நின்றார். நரை கொஞ்சம் குறைவு, தோளில் கொஞ்சம் சதை கூடுதல். ஒரு கையில் கொதிகெண்டி, இன்னொரு கையில் மத்தே குடுவை. கிராதியில் தொங்கிய பலகையை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். அவளைக் குனிந்து பார்த்தார்.

“எந்திரி மருமகளே, தரை சுடுது. உள்ள வந்து மத்தே குடி,” என்றார். “வீடு பார்க்க யாராவது வந்தா நானே பேசிக்கிறேன்.”